கருப்பணி புளிக்கமுன்

ஒரே பனையில் அடுத்தடுத்த பாளைகளில் இரண்டு முட்டிகள் கட்டப்படுகின்றன. ஒன்றின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறது, மற்றதில் இல்லை. பின்னேரம் கட்டிய முட்டிகளை விடியற்காலையில் இறக்கினால் முதலாவதில் தெளிந்த கருப்பணி இருக்கும். தமிழ்நாட்டார் பதநீர் என்பார்கள். இரண்டாவதில் நுரைத்துப் பொங்கும் கள் இருக்கும். மரமும் இரவும் ஒன்றுதான். ஆனால் ஒன்று பனங்கட்டி காய்ச்சும் அடுப்புக்குப் போகிறது, மற்றது தவறணைக்குப் போகிறது. இடையில் நிற்பது விரலால் தடவிய கொஞ்சச் சுண்ணாம்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உணவுக் கைத்தொழிலை வளர்ப்பது பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தச் சுண்ணாம்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முதலீடு, ஏற்றுமதி, பெறுமதி சேர்த்தல், அழகான பொதி என்றே பேச்சுப் போகும். அவை வேண்டியவைதான். ஆனால் பனையிலிருந்து வரும் எந்தப் பொருளை எடுத்தாலும், அது கெடாமலோ கசக்காமலோ நிற்கும் நேரம்தான் அதன் விலையைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தை நீட்டத் தெரிந்தவர் கையில்தான் தொழில் இருக்கும். அது இரசாயனமும் நுண்ணுயிரியலும் சார்ந்த வேலை, பெரும்பாலும் மலிவான வேலையும்கூட.

பனையை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும், சின்ன வெங்காயமும் மிளகாயும் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் இருக்க? காரணம் தண்ணீர். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. மற்றதெல்லாம் கிணறு. நிலத்துக்கு அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீருக்கு மேல் நன்னீராகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே ஏறும். தோட்டத்துக்குப் போட்ட உரத்தில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகக் கிணற்றில் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தின் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. ஆகவே வெங்காய விளைச்சலை இரட்டிப்பாக்குவோம் என்று திட்டம் போடுகிறவர் முதலில் கிணற்றைக் கேட்க வேண்டும். பனைக்கு இறைப்பும் வேண்டாம், உரமும் வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு கோடிக்கு மேல் பனைகள் உண்டு என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. போரில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் தறிக்கப்பட்டவை போக, மிச்சமே பெருந்தொகை.

அமைப்புகளுக்கும் குறைவில்லை. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர்தோறும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. வடமராட்சியில் திக்கம் வடிசாலை இயங்கியும் நின்றும் வந்திருக்கிறது. இத்தனையும் இருந்தும், பனங்கட்டி இன்னும் வீட்டுக் கோடியில் காய்ச்சிக் குட்டானில் ஊற்றும் பொருளாகவே பெரும்பாலும் இருக்கிறது. பனம்பழமோ விழுந்த இடத்திலேயே அழுகுகிறது.

முட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பாளையைச் சீவும்போது சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வெல்லம். அதில் பெரும்பகுதி சுக்குரோசு, கடையில் வாங்கும் சீனியின் அதே மூலக்கூறு. சாற்றின் பி.எச். 7ஐ ஒட்டியிருக்கும்: அமிலமும் இல்லை, காரமும் இல்லை. யாழ்ப்பாணத்து இரவின் வெப்பநிலையும் நுண்ணங்கிகளுக்குத் தோதானது. காற்று, எறும்பு, வண்டு, பாளைக்கத்தி என்று எல்லா வழியாலும் அவை வந்து சேரும். எல்லாவற்றிலும் பெரிய வழி நேற்றைய முட்டி. மண்முட்டியின் நுண்துளைகளில் பழைய கள்ளின் மதுவம் ஒளிந்திருக்கும். கள் இறக்குபவர் முட்டியைப் பெரிதாகக் கழுவாமல் விடுவதில் ஒரு நுட்பம் உண்டு, அது உறைமோர் விடுகிற வேலை. கருப்பணிக்கு அதே முட்டி எமன்.

பற்றீரியா ஒன்று அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணித்தியாலத்தில் இருபது தடவை இரட்டிக்கும். ஒன்று பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். ஆரம்பத்தில் ஒன்றுக்குப் பதிலாக ஆயிரம் இருந்தால் அந்த எல்லையைப் பாதி நேரத்திலேயே தொட்டுவிடும். முட்டியைக் கொதிநீரில் கழுவுவது என்ற சாதாரண காரியம் ஐந்து மணித்தியாலத்தை இலவசமாக வாங்கித் தருகிறது என்பது இந்தக் கணக்கின் பொருள்.

வருகிறவை ஒழுங்கு முறையில் வேலை செய்கின்றன. முதலில் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் புளிப்பூட்டும். அவற்றில் ஒரு வகை சுக்குரோசைக் கோத்து வழுவழுப்பான ஒரு பசையையும் செய்யும். பழுதான கருப்பணி நூல்போல இழுபடுவது அதனால்தான். புளிப்பு ஏற ஏற மதுவத்துக்கு உற்சாகம். அது இன்வேற்றேசு என்ற நொதியத்தால் சுக்குரோசைக் குளுக்கோசு, பிரற்றோசு என இரண்டாக வெட்டி, அவற்றை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். நுரை அந்த வாயுதான். ஒருநாள் கள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்களவு அற்ககோல் இருக்கலாம். மூன்றாவதாக வரும் அசற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் காற்றைக் கொண்டு அந்த அற்ககோலை வினாகிரியாக்கும். பனை வினாகிரி நல்ல சரக்கு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கலாம். கெட்டுப்போனதை விற்க இதைவிடக் கௌரவமான வழி இல்லை.

பனங்கட்டி காய்ச்சுபவருக்கு அற்ககோலைவிடப் பெரிய எதிரி அந்த வெட்டுத்தான். சுக்குரோசு பளிங்காகும் சுபாவம் கொண்டது. பாகு ஆறும்போது இறுகிக் கட்டிபடுவது அதனால். குளுக்கோசும் பிரற்றோசும் கூடினால் பளிங்கு உருவாவது தடைப்படும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் பாணியாகவே நிற்கும். தப்பித்தவறிக் கட்டிபட்டாலும் பிரற்றோசு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாரியில் குட்டானின் அடியால் ஒழுகும் பனங்கட்டியின் வரலாறு, பெரும்பாலும், பல மாதங்களுக்கு முன்னர் ஏதோ ஒரு முட்டியில் தொடங்கியது.

சுண்ணாம்பு இதைத் தடுப்பது எப்படி? நீற்றிய சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. அது சாற்றின் பி.எச்.ஐ 10க்குக் கிட்டத் தூக்கிவிடுகிறது. அந்தக் காரத்தில் மதுவமும் பற்றீரியாக்களும் பெருகாது, இன்வேற்றேசும் செயல்படாது. அமிலத்தில் தானாகவே உடையக்கூடிய சுக்குரோசு காரத்தில் பத்திரமாக இருக்கும். குறைவாகப் பூசினால் விடியமுன் புளித்துவிடும். கூடப் பூசினால் காறல் வரும், காய்ச்சும்போது கட்டி கறுக்கும், தாச்சியின் அடியில் உப்புப் படியும். பூசுகிறவரின் கண்ணளவுதான் இன்றைக்கும் அளவுகோல். நல்ல கைப்பழக்கம் உள்ளவர் தவறுவதில்லை. ஆனால் அவர் ஒருவரின் கருப்பணி பத்துப் பேரின் கருப்பணியோடு சங்கத்துப் பீப்பாயில் கலக்கும்போது அந்தப் பத்தில் மோசமான ஒன்றுதான் மொத்தச் சரக்கின் தரத்தைத் தீர்மானிக்கும். கொள்வனவு வாசலில் ஒரு பி.எச். தாள் வைத்துத் தரம் பிரித்து விலை கொடுப்பது இதற்கு மருந்து. பால் சேகரிக்கும் நிலையங்கள் செய்வது இதைத்தான்: அங்கே பெரும்பாலும் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

சுண்ணாம்பே இல்லாமல் குளிரால் சாற்றைக் காக்கும் வழியும் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னம்பாளையில் பொருத்தும் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றை உருவாக்கி, அதில் சேரும் புளிக்காத சாற்றுக்குக் கல்பரசா என்று பெயரிட்டிருக்கிறது. சுண்ணாம்பு படாத சாறு என்பதால் சுவையும் நிறமும் துல்லியம். யாழ்ப்பாணத்திலும் செய்து பார்க்கலாம். ஆனால் குட்டைத் தென்னைக்குப் பெட்டி கொண்டு ஏறுவதும், பதினைந்து மீற்றருக்கு மேல் நிற்கும் பனைக்குப் பனிக்கட்டி சுமந்து ஏறுவதும் ஒன்றல்ல. போத்தலில் அடைத்துக் குடிப்பதற்கென்று விற்கும் சிறு அளவுக்கு அது பொருந்தலாம். பனங்கட்டிக்குச் சுண்ணாம்புதான். அதை அளவோடு போட்டு, கீழே வந்தபின் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி அகற்றிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதிப் பால்நிறமாக்கிய பரிசோதனை நினைவிருக்கும். கலங்கலாகப் படிந்த அந்தக் கல்சியம் காபனேற்றை வடித்தால் சாறு தெளியும். பெரிய சீனி ஆலைகள் செய்வதும் அதே வேலைதான், தொன் கணக்கில்.

அடுத்தது அடுப்பு. சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு வெல்லம் என்றால், ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏறக்குறைய எட்டு லீற்றர் கருப்பணி வேண்டும். அதிலிருந்து ஏழு கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.26 மெகாயூல். எட்டு லீற்றரையும் முதலில் கொதிநிலைக்கு ஏற்றுவதையும் சேர்த்தால் மொத்தம் 18 மெகாயூல் அளவில் வரும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாயூல் தரும். ஆகவே ஒன்றேகால் கிலோ விறகு போதும் என்று தோன்றும். ஆனால் மூன்று கல் வைத்த திறந்த அடுப்பு விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் தாச்சிக்குக் கொடுக்கும், மிச்சம் காற்றுக்குப் போகும். கையில் வரும் கணக்கு: ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டுக் கிலோ விறகு. காவோலையும் பன்னாடையும் பனையே தருகிறது என்பதால் வீட்டுக்காரருக்கு இது செலவாகத் தெரிவதில்லை. நூறு கிலோ காய்ச்ச நினைக்கும் சங்கத்துக்குத் தெரியும்.

வட அமெரிக்காவின் மேப்பிள் மரக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலையிடி. மேப்பிள் சாற்றில் வெல்லம் நூற்றுக்கு இரண்டுதான். நாற்பது லீற்றரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. அவர்கள் 1970களிலிருந்து சாற்றைக் காய்ச்சமுன் நுண்மென்சவ்வு வழியாக அழுத்தித் தண்ணீரைப் பிழிந்துவிடப் பழகிக்கொண்டார்கள். இந்த நுட்பம் நமக்குப் புதிதல்ல. தீவகத்திலும் குடாநாட்டின் பல ஊர்களிலும் உவர்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பொறி அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அங்கே சவ்வைக் கடந்த நீர் வேண்டும், இங்கே கடக்காமல் நின்ற வெல்லம் வேண்டும். பன்னிரண்டு வீதச் சாற்றை இருபத்துநான்கு வீதமாக்கினாலே எட்டுக் கிலோவில் நான்கு கிலோ தண்ணீர் நெருப்பில்லாமல் போய்விடும். அடுப்புக்கு மிஞ்சுவது மூன்று கிலோ. விறகு பாதிக்கும் கீழே இறங்கும். நெருப்பில் நிற்கும் நேரம் குறைவதால் கட்டியின் நிறமும் வெளிறும்.

ஆனால் குடிநீர்ப் பொறியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தால் வேலை செய்யாது. பன்னிரண்டு வீத வெல்லக் கரைசலின் பிரசாரண அமுக்கம் வளியமுக்கத்தின் பத்து மடங்கு. இருபத்துநான்கு வீதத்தில் அது இருபது மடங்கைத் தாண்டும். அதை வெல்லும் பம்பியும் அதைத் தாங்கும் சவ்வும் வேண்டும். சுண்ணாம்பை முதலில் அகற்றாவிட்டால் சவ்வின் துளைகள் சில நாளிலேயே அடைபடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பீடத்து மாணவரும் சேர்ந்து செய்யக்கூடிய இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒன்று இதில் இருக்கிறது.

இப்படி நல்ல பனங்கட்டி செய்தாலும் சந்தையில் ஒரு சிக்கல் காத்திருக்கும். சீனி மலிவு, பனங்கட்டி விலை. சீனியைக் கரைத்துக் கருப்பணியோடு காய்ச்சி இறக்கினால் கண்ணாலும் நாக்காலும் பிடிப்பது கடினம், ஏனெனில் இரண்டிலும் இருப்பது அதே சுக்குரோசு. பிடிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. காற்றிலுள்ள காபனில் நூற்றுக்கு ஒரு பங்களவு சற்றுப் பாரம் கூடிய காபன் 13. ஒளித்தொகுப்பின்போது பனை, நெல், தென்னை போன்ற தாவரங்கள் இந்தப் பாரமான காபனில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிவிடும். கரும்பும் சோளமும் வேறு இரசாயனப் பாதையில் காபனைப் பிடிப்பதால் அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஆகவே கரும்புச் சீனியின் சுக்குரோசில் காபன் 13 சற்றுக் கூட, பனையின் சுக்குரோசில் சற்றுக் குறைவு. மூலக்கூறு ஒன்றானாலும் அணுக்களின் எடையில் பிறந்த இடம் எழுதியிருக்கிறது. உலகச் சந்தையில் தேனிலும் மேப்பிள் பாணியிலும் சீனிக் கலப்பைப் பிடிக்கப் பல பத்தாண்டுகளாக இதே சோதனைதான். பீற்றூட் சீனியைக் கலந்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும், அதுவும் பனை போலவே காபன் பிடிக்கும் தாவரம் என்பதால். இலங்கைக்கு வரும் சீனி பெரும்பாலும் கரும்பினது என்பதால் அந்தக் கவலை சிறிது.

இந்தச் சோதனை கையில் இருந்தால்தான் ஊர்ப் பெயரை விற்கலாம். கம்போடியாவின் கம்பொங் ஸ்பூ மாகாணத்தில் நிற்பது நமது பனைதான், அதே இனம். அங்கே காய்ச்சும் பனஞ்சீனி 2010இல் அந்த நாட்டில் புவிசார் குறியீடு பெற்றது, பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவானது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதே வகை அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, ஆகவே கொழும்புக்கும் வழி தெரியும். யாழ்ப்பாணப் பனங்கட்டிக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்கள், எதை யாழ்ப்பாணப் பனங்கட்டி என்று அளந்து காட்டப் போகிறோம் என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். குறியீடு என்பது எழுதி வைத்த ஒரு தரமும், அதைச் சோதிக்கும் ஒரு ஆய்வுகூடமும், மீறியவரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் துணிவும். ஓலைக் குட்டான் படம் போட்ட ஒட்டுத்தாள் அதற்குப் பிறகு.

இடையில் ஒன்று. பனங்கட்டி நீரிழிவுக்காரருக்கு நல்லது என்று பொதிகளில் அச்சடிப்பதை நிறுத்த வேண்டும். அது பெரும்பகுதி சுக்குரோசு. கனியுப்புகள் இருக்கின்றன, சுவையில் சீனி பக்கத்தில் வர முடியாது. விற்க அவ்வளவு போதும்.

இனிப் பனம்பழம். கருப்பணிக்குப் பிரச்சினை மணித்தியாலங்கள் என்றால் பழத்துக்குப் பிரச்சினை சில கிழமைகளும் ஒரு கசப்பும். ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரை பழம் விழும். மற்றப் பழங்களைப் போலப் பறிப்பதில்லை, முற்றிப் பழுத்துத் தானே விழ வேண்டும். விழுந்த வேகத்தில் அடிபட்டு, வண்டு ஏறி, இரண்டு நாளில் புளித்துவிடும். பெரிய உணவு வளம் ஒன்று இப்படிக் குறுகிய காலத்தில் நிலத்தில் வந்து விழுகிறது. மாட்டுக்குப் போனது போக மிச்சம் மண்ணுக்கு.

கசப்புக்கு வருவோம். பனங்களியின் மஞ்சள் நிறம் கரோட்டீன்களால். அதன் கசப்பும் காறலும் பிளாபெல்லிபெரின் என்று பெயரிடப்பட்ட சப்போனின்களால். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனவியலாளர் ஈ. ஆர். ஜான்ஸின் குழு 1990களிலும் அதன் பின்னரும் இவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. சப்போனின் மூலக்கூறுக்கு எண்ணெயில் கரையும் தடித்த உடல் ஒன்றும், அதில் தொங்கும் வெல்ல அலகுகளின் சங்கிலி ஒன்றும் உண்டு. உடல் கொழுப்பைப் பிடிக்கும், சங்கிலி நீரைப் பிடிக்கும். சவர்க்காரத்தின் அமைப்பும் இதுதான். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். கொடியில் காயப்போட்ட உடுப்பை மாடு வந்து சப்பிய கதைகளும் உண்டு. பழத்தைக் கசக்க வைத்த அதே மூலக்கூறுதான் அழுக்கையும் எடுத்தது.

சங்கிலியில் எத்தனை வெல்ல அலகு, எந்த ஒழுங்கில், என்பதைப் பொறுத்துக் கசப்பு மாறும். நான்கு அலகு கொண்ட ஒன்றுதான் நாக்கில் ஏறும் கசப்புக்குக் காரணம் என்று ஆய்வு கண்டது. சங்கிலியின் நுனியிலிருந்து ஓரலகைக் கத்தரித்தால் கசப்பு அடங்கும். கத்தரிக்க நாரிஞ்சினேசு என்ற நொதியம் இருக்கிறது. கிரேப்புரூட் சாற்றின் கசப்பைக் குறைக்க ஏற்கனவே கைத்தொழில்களில் புழங்குவது. பனங்களியிலும் அது கசப்பை இறக்கியது. எல்லா மரத்துப் பழமும் ஒரே அளவில் கசக்காது என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். பணியாரத்துக்கு எந்த மரத்துப் பழம் என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு கணக்கு இருக்கும். களியைச் சீனியோடு நன்றாகக் காய்ச்சிக் காறல் போன பிறகுதான் மாவில் குழைப்பார்கள். தொழிற்சாலைக்கு அந்த மரத் தெரிவு முடியாது. லொறியில் வரும் பழம் எல்லா மரத்துப் பழமாகவும் இருக்கும். அதனால்தான் நொதியம் வேண்டும், அல்லது இனிப்புப் பழ மரங்களை அடையாளமிட்டு அவற்றுக்கு மட்டும் கூடிய விலை கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். இரண்டாவது எனக்குப் பிடித்தது. செலவு ஒரு பெயின்ற் டப்பா.

விஷயம் இதோடு முடியாமல் ஒரு திருப்பம் எடுக்கிறது. அதே ஆய்வுகளில், கசப்பான அந்தப் பிளாபெல்லிபெரின் சுண்டெலிகளின் குடலில் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைக் குறைத்தது. மனிதரில் அப்படி நடக்குமா என்பதற்கு எலி சாட்சி போதாது. ஆனாலும், ஆயத்தச் செலவு செய்து அகற்றப் பார்க்கும் பொருளே ஒருநாள் தனியாக விலைபோகக்கூடும் என்பதால், அகற்றியதைக் கானில் ஊற்றமுன் யோசிக்கலாம்.

பழத்தைச் சேமிக்கும் பழைய வழி பினாட்டு. களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, மேலே மீண்டும் ஊற்றி, படைபடையாகத் தடிப்பிப்பார்கள். வெல்லம் செறிந்து ஈரம் குறைந்தபின் நுண்ணங்கிக்குக் குடிக்க நீர் மிஞ்சாது, பூஞ்சணம்கூடத் தயங்கும். பாணியில் ஊறவிட்ட பாணிப்பினாட்டு வருடக்கணக்கில் நிற்பது அதனால்தான். ஆனால் ஐப்பசி மழைக்குமுன் முடிக்க வேண்டும், இலையானையும் தூசியையும் தடுக்க வேண்டும். வெயில் கரோட்டீனையும் அழிக்கும். கண்ணாடியோ பொலித்தீனோ மூடிய சூரிய உலர்த்தி இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பதில். புதிய வழி உறைகுளிர். களியைப் பிழிந்து, சற்றுச் சூடாக்கி, பையில் அடைத்து மறை 18 பாகையில் வைத்தால் ஆவணிப் பழத்தில் சித்திரையிலும் பணியாரம் சுடலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரின் கடைகளில் உறைந்த நண்டும் முருங்கைக்காயும் இருக்கும் பெட்டிக்குள் அதற்கு இடம் உண்டு. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையில் ஒரு உறைகுளிர் அறை பழக் காலத்தில் களிக்கும், மிச்ச மாதங்களில் மாம்பழத்துக்கும் மீனுக்கும் வேலை செய்யும். வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓடும் பனைத் தொழிற்சாலை எதுவும் வங்கிக் கடனைக் கட்டித் தப்பியதாக நான் நம்பவில்லை.

ஒடியலைப் பற்றிச் சுருக்கமாக. பழத்தின் கொட்டையைப் பாத்தி போட்டுத் தை, மாசியில் கிளறினால் கிழங்கு. பச்சையாகக் கீறிக் காயவிட்டது ஒடியல், அவித்துக் காயவிட்டது புழுக்கொடியல். மாப்பொருளும் நார்ச்சத்தும் நிறைந்தது, கோதுமைப் புரதம் ஒவ்வாதவருக்கும் ஏற்றது. 1970களிலும் 80களிலும் இலங்கை ஆய்வாளர்கள் ஒடியல் மாவை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது நரம்புக்கும் ஈரலுக்கும் பாதிப்பைக் கண்டார்கள். நரம்பைத் தாக்கும் பொருள் சூட்டில் செயலிழக்கும் என்பதும் தெரியவந்தது. ஊரில் மாவை ஊறவிட்டு நீரை வடித்து, பிறகு நண்டும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கூழாக்கிப் பிளாவில் குடிப்பவருக்கு நரம்புப் பாதிப்புப் பற்றிய பயம் குறைவு. ஆனால் வெளிநாட்டில் யாரோ ஒருவர் அந்த மாவைப் பாலில் கரைத்துப் பச்சையாகக் குடிக்கலாம். பொதி செய்யமுன் மாவைச் சூடாக்கிப் பதப்படுத்துவதைக் கட்டாயமாக்குவது ஏற்றுமதிக்காரரின் நலனுக்கே.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருவர் மரத்தில் ஏற வேண்டும். இருபது மரம், காலையும் மாலையும், மரம் பதினைந்து மீற்றர் என்று கணக்கிட்டால் நாளுக்கு அறுநூறு மீற்றர் ஏற்றம், அதே அளவு இறக்கம். நாலு நாளுக்குச் சற்று மேல் போனால் பீதுருதாலகாலையின் உயரம். நாட்டின் மிக உயர்ந்த மலையைக் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் தளைநார் போட்டு ஏறும் தொழில் இது. அதை யாழ்ப்பாணச் சமூகம் சில சாதிகளின் தலையில் கட்டி, அவர்கள் இறக்கிய கள்ளைக் குடித்துக்கொண்டே அவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதைத் தொழிலின் வீழ்ச்சி என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏற ஆள் இல்லை என்பதன் சரியான பொருள், இந்தக் கூலிக்கும் இந்த மரியாதைக்கும் ஏற ஆள் இல்லை என்பதுதான். பொறிகள் இருக்கின்றன, அவை தண்டில் நன்றாக ஏறும், மட்டைகள் நெருங்கிய வட்டுக்குள் நுழைந்து பாளையைச் சீவ மனிதக் கைதான் வேண்டும்.

கட்டையான பனையை வளர்த்தால் என்ன? தென்னையில் முடிந்தது பனையில் எளிதல்ல. பனை கிளைக்காது, பக்கக் கன்று விடாது, ஆகவே நல்ல மரத்தை அப்படியே பெருக்க வழி இல்லை, கொட்டைதான். ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. எது எதுவென்று பூக்கும் வரை தெரியாது. பூக்கப் பதினைந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு தலைமுறை மரத்தைப் பார்ப்பதற்குள் ஒரு ஆராய்ச்சியாளரின் சேவைக்காலம் முடிந்துவிடும். வடலியிலேயே ஆணா பெண்ணா என்று மரபணுவைக் கொண்டு அறியும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவை கைகூடினால் நடுகிறவருக்குப் பெரிய உதவி. அதுவரை இப்போது நிற்கும் மரங்களைக் கொண்டுதான் தொழில் செய்ய வேண்டும், அவையும் உயரமானவை. ஆகவே ஏறுகிறவருக்குக் கொடுக்கும் கூலி உயர வேண்டும். அதற்கு அவர் இறக்கும் ஒவ்வொரு லீற்றரும் வீணாகாமல் இருக்க வேண்டும்.

கையில் கொஞ்சப் பணம்தான் என்றால் நான் செலவழிக்கும் வரிசை இது. முதலில் சங்கங்களின் கொள்வனவு நிலையங்களுக்குப் பி.எச். தாளும், முட்டி கழுவக் கொதிநீர்க் கொப்பறையும், தரத்துக்கு ஏற்ற விலைப்பட்டியலும். பிறகு காறல் இல்லாத பழ மரங்களுக்குப் பெயின்ற் குறி. அடுத்ததாகப் புகைபோக்கி வைத்த மூடிய அடுப்பு. அதன் திறன் திறந்த அடுப்பைப்போல இரண்டு மடங்கானாலே விறகு பாதியாகும். சவ்வுப் பொறிக்கும் காபன் சோதனைக்கும் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் அதற்குப் பிறகு. உறைகுளிர் அறை கடைசியில்தான், ஏனென்றால் செலவும் மின்கட்டணமும் அதில்தான் கூட. ஆனால் அதைக் கட்டுவதென்று முடிவெடுத்தால் ஆனிக்குள் ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆடி பிந்திவிட்டால் முதற்பழம் விழுந்துவிடும், அடுத்த பழத்துக்கு ஒரு வருடம்.